பம்ப் ஓடுகிறது, படகின் லைவ்வெல்லில் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) தண்ணீர் ஏறவில்லையா?

புது பம்பைக் கழற்றாதீர்கள். 500 ஜிபிஎச் (மணிக்கு இத்தனை கேலன்) பம்பை மாற்றி 800 போட்டபின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். இவ்வகை பம்ப் தானாக உறிஞ்சாது. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, தண்ணீர் தானாக வந்து நிரம்பினால்தான் தள்ளும்.

1. பம்பை ஓடவிட்டு, படகை மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். தண்ணீர் புகும் உள்வாய் படகின் பின்பலகையில் இருந்தால் தண்ணீர் அழுத்தத்தோடு புகுந்து காற்றைத் தள்ளிவிடும்.

2. வரவில்லையா? ஹோஸைப் பாருங்கள். பம்பிலிருந்து தொட்டிவரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவே மேடு விழுந்து தாழ்ந்தால் அங்கே காற்று மறுபடி தங்கும். மாற்றும்போது மிச்ச நீளத்தைச் சுருட்டி விடுவதுதான் பலர் செய்யும் தவறு.

3. மெலிதாக வந்தால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். பழுப்பு பொதுவாக பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், லேபிளில் உறுதிசெய்யுங்கள். மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், ஓட்டம் குறையும்.

ஹோஸைக் கழற்றுவதானால் படகு ட்ரெய்லரில் இருக்கட்டும். தண்ணீரில் கழற்றினால் படகுக்குள் வெள்ளம்தான். 800 என்பது தண்ணீரை உயரமே ஏற்றாதபோது உள்ள அளவு. பழைய முக்கால் அங்குல ஹோஸே இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபியூஸை லேபிளில் உள்ள ஆம்பியருக்கு மாற்றுங்கள். தண்ணீர் வராமல் பம்பை நீண்ட நேரம் வறட்டு ஓட்டம் விட வேண்டாம், உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் கருகிவிடும்.