இஸ்லாத்தில் சண்டை சச்சரவை வன்முறையின்றித் தீர்க்க வழி சொல்லியிருக்கிறதா? ஜமாஅத்தில் அது எப்படி நடக்கிறது?

சொல்லியிருக்கிறது. ஆனால் "பொறுத்துப் போங்கப்பா" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு எழுந்து போவதல்ல அந்த வழி. சண்டை போடுகிற இருவரை விட, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது ஆளைத்தான் குர்ஆன் அதிகம் கூப்பிடுகிறது. நான் ஆம்பூர்க்காரன். எங்கள் மஹல்லா ஜமாஅத் (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர் அமைப்பு) நிர்வாகத்தில் இருப்பதால் இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைகளில் உட்காருகிறவன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் 49வது அத்தியாயமான ஹுஜுராத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தமே 18 வசனங்கள். 6வது வசனம், நம்பத்தகாத ஒருவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டியிருக்கும் என்கிறது. 9வது வசனம், நம்பிக்கையாளர்களில் இரு பிரிவினர் சண்டையிட்டால் அவர்களுக்கிடையே சமாதானம் செய்து வையுங்கள் என்கிறது. 11, 12வது வசனங்கள் கேலி, பட்டப்பெயர், சந்தேகம், துருவித் துருவிப் பார்ப்பது, புறம் பேசுவது எல்லாவற்றையும் தடுக்கின்றன. வாணியம்பாடியிலோ பேர்ணாம்பட்டிலோ ஒரு தெருச் சண்டை எப்படி ஆரம்பிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரோ அனுப்பிய ஒரு வாட்ஸப் ஆடியோ, யாரோ வைத்த ஒரு பட்டப்பெயர். பாதிச் சண்டை 6வது வசனத்திலேயே முடிந்திருக்க வேண்டியது.

அந்த 9வது வசனத்தை முழுசாகப் படிக்க வேண்டும். சமாதானத்துக்குப் பிறகும் ஒரு தரப்பு வரம்பு மீறினால் அது வழிக்கு வரும்வரை எதிர்த்துப் போராடச் சொல்கிறது. அதனால் இஸ்லாம் எந்த நிலையிலும் ஆயுதமே கூடாது என்கிற மதம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் அது உண்மையாக இருக்காது. அந்த அதிகாரம் ஆட்சி செய்பவருக்கு உரியது, தெருமுனையில் கட்டையோடு நிற்கிற பையனுக்கு அல்ல. என் மனதை எப்போதும் பிடிப்பது அதற்கடுத்த வரிதான். வரம்பு மீறியவர்கள் திரும்பி வந்துவிட்டால் "நீதியோடு" சமாதானம் செய்யுங்கள், நேர்மையாக நடந்துகொள்ளுங்கள், நேர்மையாளர்களை அல்லாஹ் நேசிக்கிறான். முதல் தடவை சமாதானம் என்று மட்டும் சொன்ன வசனம், ஒருவன் தோற்று வந்த பிறகு நீதியை அழுத்தி அழுத்திச் சொல்கிறது. தோற்றவன் தலையில் எதையும் கட்டிவிடலாம் என்று தோன்றும் நேரம் அதுதானே.

நபி (ஸல்) அவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு சம்பவம் போதும். கஅப் இப்னு மாலிக் என்ற தோழர், இப்னு அபீ ஹத்ரத் என்பவரிடம் கொடுத்த கடனை மதீனாப் பள்ளிவாசலில் வைத்தே கேட்கிறார். சத்தம் உயர்கிறது. வீட்டுக்குள் இருந்த நபியவர்கள் திரைச்சீலையை விலக்கி வெளியே வந்து "கஅபே!" என்று கூப்பிட்டு, பாதியைத் தள்ளுபடி செய் என்று கையால் சைகை காட்டுகிறார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் கடன் வாங்கியவரைப் பார்த்து, "எழுந்து போய் மீதியைக் கொடு" என்கிறார்கள். விட்டுக்கொடுக்கச் சொன்னது கொடுத்து வைத்திருந்தவரிடம். வாங்கியவருக்கும் தவணை இல்லை, உடனே எழ வேண்டும். குபாவில் இரு சாரார் சண்டையிட்டபோது, அவர்களைச் சமாதானப்படுத்த நபியவர்கள் நேரில் போயிருந்தார்கள், அதற்குள் தொழுகை நேரம் வந்துவிட்டதால் மதீனாவில் அபூபக்கர் (ரலி) அவர்கள் தொழவைக்கத் தொடங்கியதாகவும் வருகிறது.

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டாமல் சொல்கிறேன்.

அண்ணன் தம்பி இருவர். அத்தா விட்டுப்போன வீடும், ஷூ அப்பர் தைக்கிற ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டும் அவர்கள் கையில். தாய் முன்பே இறந்துவிட்டார். கணக்கு அண்ணனிடம், மிஷின்கள் தம்பியிடம். ஒருநாள் தம்பி யூனிட்டுக்குப் பூட்டுப் போட, அண்ணன் மகன் பூட்டை உடைக்க, கைகலப்பு. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஒரே பள்ளியில் தொழுதுகொண்டு, ஒருவர் முன் வரிசையில் இருந்தால் மற்றவர் கடைசி வரிசைக்குப் போவார். மூன்று நாளைக்கு மேல் சகோதரனிடம் பேசாமல் இருக்கக் கூடாது, முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸ் (நபிமொழி) அவர்களுக்குத் தெரியாததல்ல. யார் முதலில் என்பதுதான் பிரச்சினை.

எங்கள் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) அந்த இருவரையும் உடனே ஒன்றாக உட்கார வைக்கவில்லை. முதலில் தம்பி வீட்டுக்கு, பிறகு அண்ணன் வீட்டுக்கு என்று தனித்தனியாகப் போனார். தம்பி ஒரு மணி நேரம் அண்ணனைத் திட்டித் தீர்த்தார். நடுவில் ஒரு வாக்கியம், "அத்தா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரி பகலா பார்த்தது அண்ணன்தான், அதை நான் மறுக்கல" என்றார். ஹஜ்ரத் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னார். மற்றதை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இருவரைச் சேர்த்துவைக்க நல்ல வார்த்தையை எடுத்துச் சொல்பவர் பொய்யர் ஆகமாட்டார் என்ற ஹதீஸ் அப்போது எனக்கு வேறு மாதிரி புரிந்தது. அண்ணன் வெகுநேரம் பேசவில்லை.

பிறகு அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தோம். வீடு அண்ணனுக்கு, யூனிட் தம்பிக்கு, வித்தியாசத்துக்கு ஒரு தொகை என்று நினைத்ததை விடச் சீக்கிரம் ஒத்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி பேனாவை எடுத்துவிட்டார். ஹஜ்ரத் மட்டும், "தங்கச்சி பங்கு எங்கே?" என்றார்.

"அது ஒண்ணும் கேக்கல ஹஜ்ரத். கல்யாணத்துக்கு நிறைய செஞ்சாச்சு. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத் தரும்," என்றார் அண்ணன். தம்பியும் தலையாட்டினார். அத்தனை மாதத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஹஜ்ரத் ஒப்புக்கொள்ளவில்லை. முஸ்லிம்களுக்கிடையே சமாதானம் கூடும், ஆனால் ஹலாலை (ஆகுமானதை) ஹராமாக்குகிற, ஹராமை (தடுக்கப்பட்டதை) ஹலாலாக்குகிற சமாதானம் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறது. இரண்டு ஆண், ஒரு பெண் என்றால் ஐந்தில் ஒரு பங்கு அவளுக்கு. கல்யாணத்துக்குச் செய்த செலவு அதில் கழியாது. "உங்க ரெண்டு பேரு சண்டையை நிறுத்த அந்தப் பிள்ளை ஹக்கை, அதோட உரிமையைக் கொடுக்க நான் யாரு?" என்று கேட்டார். தங்கையை வரவழைத்து, அண்ணன்மார் இல்லாத இடத்தில் ஹஜ்ரத்தின் மனைவி விசாரித்தார். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்று பயந்துதான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். மறுபடி கணக்குப் போட்டோம். இழுத்தது, கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். கடைசியில் மூன்று பெயரிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார்கள்.

பலவீனமானவர் வாயை அடைத்து ஊரை அமைதியாக வைத்திருப்பதை நம்மில் பலர் சமாதானம் என்கிறோம். அதை மார்க்கத்தின் பெயரால் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

விட்டுக்கொடுப்பதற்கும் இடம் உண்டு, அதன் எல்லை எது என்பதற்கு ஹுதைபிய்யாவைப் பார்க்க வேண்டும். கி.பி. 628. உம்ரா என்ற புனிதப் பயணத்துக்காக நபியவர்களோடு வந்த சுமார் 1400 பேர் மக்காவுக்கு வெளியே தடுக்கப்படுகிறார்கள். ஒப்பந்தம் எழுதும்போது "அல்லாஹ்வின் தூதர் முஹம்மத்" என்று எழுதக் கூடாது என்கிறார் மக்காவை ஆண்ட குறைஷிக் குலத்தாரின் தூதர் சுஹைல். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபியவர்களே அழித்துவிட்டு, "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்" என்று எழுதச் செய்கிறார்கள். அந்த வருடம் உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும். தோழர்கள் எவ்வளவு நொந்துபோனார்கள் என்றால், பலியிட்டு முடி களையுங்கள் என்று மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தான், யாரிடமும் எதுவும் பேசாமல் நீங்கள் போய் உங்கள் பிராணியை அறுத்து முடி களையுங்கள் என்று யோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பட்டத்தையும் அந்த வருடப் பயணத்தையும் விட்டுக்கொடுத்துப் பெற்றது பத்து ஆண்டுப் போர்நிறுத்தம். குறைஷித் தரப்பு அதை மீறியபோது, இரண்டே வருடத்தில் மக்காவுக்கு நபியவர்களோடு வந்தவர்கள் 10,000 பேர். இடையில் மக்கள் போர்ப் பயமின்றிப் பேசிப் பழக முடிந்ததே அதற்குக் காரணம் என்று ஆரம்பகால வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டு உதாரணம் கேட்டால் கான் அப்துல் கஃபார் கான். பழிக்குப் பழி என்று வாழ்ந்த பட்டாணியர்களை 1929ல் குதாயி கித்மத்கார் (இறைவனின் தொண்டர்கள்) என்று திரட்டி, பொறுமைதான் நபியின் ஆயுதம் என்று சொல்லி, வன்முறை செய்வதில்லை என்று சத்தியம் வாங்கியவர். 1930 ஏப்ரல் 23ல் பெஷாவர் கிஸ்ஸா குவானி பஜாரில் ஆங்கிலேயப் படை சுட்டபோதும் அந்தக் கூட்டம் திருப்பித் தாக்கவில்லை. கார்வால் படைப்பிரிவு வீரர்கள் அவர்கள்மேல் சுட மறுத்துச் சிறைக்குப் போனார்கள்.

கடைசியாக, கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. கணவன் மனைவி தகராறுக்கு இருவர் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது 4:35. மனைவி பக்கத்து ஆள் இல்லாமல் ஜமாஅத் பேசினால் அது இந்த வசனப்படி நடந்த பேச்சே இல்லை. அடி உதை என்றால் நேராக மகளிர் காவல் நிலையம் போங்கள், ஜமாஅத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஷரீஅத் மன்றங்களின் தீர்ப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஜமாஅத்தில் பேசி முடித்தது சொத்து விஷயம் என்றால், பள்ளிவாசல் ரெஜிஸ்டரோடு நிறுத்தாமல் முறைப்படி பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். கடனை எழுதி சாட்சி வைக்கச் சொல்கிற 2:282தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம்.