தறிக்குடோன் கேமரா ஏன் போனில் வரவில்லை?

கேள்வி: பல்லடம் பக்கம் தறிக்குடோன் வெச்சிருக்கறனுங்க. பழைய பிராட்பேண்டுல ரவுட்டர்ல போர்ட் (வெளியில இருந்து உள்ள வர்ற வழி) திறந்து விட்டு, வெளியூர்ல இருந்தும் கேமராவைப் போன்ல பார்த்துட்டிருந்தேன். ஃபைபர் மாத்துனதுல இருந்து குடோன் வைஃபைல மட்டும்தான் வருது. லைன்காரரைக் கேட்டா, "இப்பெல்லாம் ஐபிவி6ங்க"ங்கறார். டிவிஆரை (கேமராப் படம் பதியற பெட்டி) மாத்தோணுங்களா?

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க. லைன்காரர் சொன்னது பாதிதான் சரி: ஐபிவி6 என்ற புது முகவரி முறை வந்தது நிஜம், ஆனால் உங்கள் கேமராவைத் தடுப்பது பழைய முறையின் தட்டுப்பாடு.

இணையத்தில் கதவு எண் போல இருக்கும் பழைய ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே பங்கு போட்டுத் தீர்ந்துவிட்டது. அதனால் இணையக் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து விடுகின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். திருப்பூர் லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: பத்துக் குடித்தனம், ஒரே கதவு எண். உள்ளிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வரும் கூரியர்காரர் எந்த வீடு என்று தெரியாமல் கேட்டிலேயே நிற்பார். உங்கள் போன் இப்போது அந்தக் கூரியர்காரர். நீங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. கேட் இருப்பது கம்பெனியிடம்.

சந்தேகமிருந்தால் ரவுட்டர் பக்கத்தில் 'வேன்' (WAN, வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் சிஜிநாட்தான்.

ஐபிவி6 இந்தத் தட்டுப்பாட்டுக்குத்தான் வந்தது. அதன் முகவரி 128 பிட் நீளம், எண்ணிக்கை மிக அதிகம் என்பதால் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கதவு எண் கொடுக்கலாம். ஆனால் ஒரே நாளில் பழையதை மூட முடியாது. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. உங்கள் டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் ஐபிவி6 என்ற வரியே இல்லையென்றால், கம்பெனி கொடுத்தும் அதற்குப் பிடிக்கத் தெரியாது. வரி இருந்து, முகவரி 2-ல் தொடங்கும் பொது முகவரியாக இருந்தாலும் வேலை முடியாது: ரவுட்டரின் ஃபயர்வால் என்ற காவல் வழக்கமாக உள்ளே வருவதைத் தடுக்கும், பார்க்கும் போனுக்கும் ஐபிவி6 வேண்டும்.

ஆகவே சுலப வழி, டிவிஆரில் பி2பி அல்லது கிளவுட் வசதியை ஆன் செய்து, க்யூஆர் கோடை அதன் செயலியில் ஸ்கேன் செய்வது. அதில் டிவிஆரே வெளியே போய்த் தொடர்பு பிடிப்பதால் கேட் பிரச்சினை இல்லை. கூடவே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல், தயாரித்த கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டிலேயே கிடந்த டிவிஆர்களைத்தான் கூட்டமாகப் பிடித்தது. போர்ட் திறந்து வைக்கும் பழைய முறை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

பழையபடியேதான் வேண்டுமென்றால், இணையக் கம்பெனியிடம் 'ஸ்டேடிக் ஐபி' (உங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தனிக் கட்டணம் இருக்கும். அடுத்த முறை டிவிஆர் வாங்கும்போது, கடையிலேயே மெனுவைத் திறந்து ஐபிவி6 வரியைக் காட்டச் சொல்லுங்கள்.