கம்பெனி பாலிசி இருக்கும்போது எனக்குத் தனியாக ஒன்று எதற்கு?

கேள்வி: ஜூரோங்கில் ஒரு மருந்தகத்தில் ஐந்து ஆண்டுகளாக மருந்தாளராக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கடையில் பகுதிநேர வேலை. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி (வேலையில் நான் செய்யும் தவற்றால் வரும் இழப்பீட்டுக்கும் வக்கீல் செலவுக்குமானது) ஒன்றைத் தனியாக எடுக்கச் சொல்கிறாள் தோழி. “கம்பெனி பாலிசி இருக்கிறதே” என்கிறார் மேலாளர். ஏற்கெனவே முதலீட்டுடன் கூடிய காப்புறுதிக்கு மாதம் 300 வெள்ளி கட்டுகிறேன். இன்னொரு பிரீமியம் தேவையா, சார்?

பதில்: மேலாளர் சொல்வது பொய்யில்லை. வேலையின்போது ஊழியர் செய்யும் தவற்றுக்கு முதலாளியும் பொறுப்பு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடவேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு ‘தினமும்’ என்று லேபிள் ஒட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். இழப்பீடு கேட்கும் வக்கீல் கடிதம் பெரும்பாலும் நிறுவனத்துக்குத்தான் போகும். பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதானே கேட்பார்கள்.

சரி, அதே நோயாளியின் மகன் மருந்தாளர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் சிங்கப்பூர் மருந்தாளர் மன்றத்துக்கும் புகார் எழுதினால்? அது கடையின் மேல் அல்ல, உங்கள் பதிவின் மேல். அபராதமோ இடைநீக்கமோ பெயர் நீக்கமோ, எதுவானாலும் உங்களுக்குத்தான். அந்த விசாரணைக்கு வக்கீல் வைக்கும் செலவைக் கம்பெனி பாலிசி ஏற்குமா என்பதை அதன் வாசகத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தவிர, “எங்கள் விதிமுறை சரி, அவர்தான் இரண்டாவது சரிபார்ப்பைச் செய்யவில்லை” என்று நிறுவனமே சொல்ல நேரலாம். அப்போது அவர்களுடைய வக்கீல் உங்களுடைய வக்கீலாக இருக்க முடியாது.

இங்கிலாந்தில் 1956இல் தீர்ப்பான ஒரு வழக்கு உண்டு. லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அதே நிறுவனத்தில் வேலை பார்த்த தன் அப்பாவையே மோதிவிட்டார். அப்பாவுக்கு நிறுவனம் தரவேண்டிய இழப்பீட்டை அதன் காப்புறுதிக்காரர்கள் கொடுத்தார்கள். பிறகு அவர்களே, நிறுவனத்தின் பெயரிலேயே மகன் மீது வழக்குப் போட்டு அந்தப் பணத்தைக் கேட்டு ஜெயித்தார்கள். இதெல்லாம் அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் அந்த பாலிசி யாருக்காக எடுக்கப்பட்டது என்பது இதில் தெரிகிறது.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஜூரோங் கடையின் பாலிசி அங்கே வராது. ஞாயிற்றுக்கிழமைக் கடையின் பாலிசியில் பகுதிநேர ஊழியர் சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோயில் மருத்துவ முகாமில் உட்காருவதும், அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாத்திரைப் படத்துக்குப் பதில் சொல்வதும் எந்த முதலாளியின் கணக்கிலும் சேராது. (அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

அப்புறம் ஒரு நுணுக்கம். இவ்வகை பாலிசிகளில் பல, தவறு நடந்த நாளை அல்ல, புகார் வந்து சேரும் நாளைப் பார்ப்பவை. இங்கே உடல் பாதிப்புக்கு வழக்குப் போட, பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் கிடைக்கலாம். மொத்த வரம்பு 15 ஆண்டு. நீங்கள் வேலை மாறி, பழைய கம்பெனியும் மூடிய பிறகு கடிதம் வந்தால் யாரிடம் போவீர்கள்? சொந்த பாலிசி எடுத்தாலும் இடையில் விடாமல் புதுப்பிக்க வேண்டும். தொழிலை விட்டால், அதன் பிறகு வரும் புகார்களுக்கான ‘பின்காலப் பாதுகாப்பு’ கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள்.

என் பதில்: எடுங்கள். அந்த 300 வெள்ளி திட்டத்தில் முதலீட்டைக் கூட்டச் சொல்லி முகவர் வந்தால், இது முடியட்டும் என்று சொல்லுங்கள். ஆனால் முதலில் இரண்டு முதலாளிகளிடமும் பாலிசிச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் மருந்தாளர் சங்கத்தில் உறுப்பினர்களுக்குக் குழுத் திட்டம் உண்டா என்றும் விசாரியுங்கள். இழப்பீட்டு வரம்பைவிட, ஒழுங்கு விசாரணைக்கான வக்கீல் செலவு எவ்வளவு வரை என்ற வரியை முதலில் படியுங்கள். விண்ணப்பத்தில் ஞாயிறு வேலையையும், பழைய புகார் ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால், கட்டிய பிரீமியம் வீண்.