சிறிய மென்பொருள் நிறுவனங்கள் பயனர்களிடம் கருத்து சேகரிப்பது எப்படி?

மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லும் குறை, யோசனை, பாராட்டு எல்லாம் சேர்ந்ததுதான் பயனர் கருத்து. பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிக் குழுவே இருக்கும். நாலைந்து பேர் நடத்தும் இடத்தில், நிரலை எழுதியவரே புகார் மின்னஞ்சலையும் படிப்பார். சொல்லப்போனால் அது ஒரு வசதிதான்; நடுவில் ஆள் இல்லை.

வழிகள் எளியவை: உதவி கேட்டு வரும் மின்னஞ்சல்கள், செயலிக்குள்ளேயே ஒரு கருத்துப் பெட்டி, புதிய பதிப்பை முன்கூட்டியே சிலரிடம் கொடுத்துப் பார்க்கும் பீட்டா சோதனை. சந்தாவை நிறுத்துகிறவரிடம் 'ஏன் போகிறீர்கள்?' என்று ஒரே வரியில் கேட்பதும் உண்டு. ஒளிவுமறைவில்லாத பதில் அங்கேதான் கிடைக்கும் என்பேன். போகிறவருக்கு ஏது தாட்சண்யம்?

கேட்பதைவிடப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். மருத்துவரிடம் போய் 'ஊசி போடுங்கள்' என்றால் உடனே போட்டுவிடுவாரா? எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று விசாரிப்பார். இதுவும் அப்படித்தான். 'எக்செலில் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வேண்டும்' என்று ஒருவர் எழுதினால், 'இறக்கி என்ன செய்வீர்கள்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தத் தொகை தெரிந்தால் போதும் என்பார். சரி, அப்படியென்றால் பொத்தானே வேண்டாம். திரையின் அடியில் ஒரு கூட்டுத்தொகை வரி போதும்.

கோரிக்கைகளைப் பட்டியலிட்டு, பயனர்களையே வாக்குப் போடச் சொல்வதும் உண்டு. அதில் அதிக வாக்கு வாங்கிய கோரிக்கைதான் எல்லோருடைய தேவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இணையச் சமூகங்களில் சுமார் 90 சதவீதம் பேர் வாயே திறப்பதில்லை என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார், வாக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மீதிப் பேரில்தான் இருப்பார்கள்.