'வந்தேன்' என்பதில் இருக்கும் நான்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். என் மகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் சென்னையில் ஒரு இன்டர்வியூ. கடைசி வருஷம் நாலு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தார்கள். வாய்க்கால் மதகில் தண்ணீர் மட்டத்தை அளந்து போனுக்கு மெசேஜ் அனுப்பும் கருவி. அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவள் முழுக்க 'வீ, வீ' என்றே பதில் சொல்லியிருக்கிறாள். "சரி, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மூன்று முறை கேட்டார்களாம். வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஐ, ஐ-ன்னு சொன்னா தம்பட்டம் அடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்கிறாள்.

வகுப்பில் பிள்ளைகள் அந்த 'ஐ'யைச் சின்ன எழுத்தில் எழுதுகிறார்கள். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டேன். ஒரு பையன், "டீச்சர், அவங்க மட்டும் ஏன் தன்னைப் பெரிசா எழுதிக்கிறாங்க?" என்று கேட்டான். பதில் தெரியாமல் விழித்தேன். நம் மொழியிலேயே 'நான்' ஒடுங்கிக் கிடக்கிறதா? அதுதான் நம் பிள்ளைகளைப் பின்னால் இழுக்கிறதா?

பெயர் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை,
மன்னார்குடி வட்டம்

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில். ஆங்கிலேயர்கள் தங்களைப் பெரிதாக நினைத்துக்கொண்டு அப்படி எழுத ஆரம்பிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கு 'இச்' என்று ஒரு சொல் இருந்தது. நாளாக ஆக அதன் மெய்யொலி தேய்ந்து உதிர்ந்து, ஒற்றை எழுத்து மட்டும் மிஞ்சியது. அச்சு வராத காலம். கையெழுத்துச் சுவடியில் ஒரு சின்னக் கோடு தனியாக நின்றால் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் எழுதுகிறவர்கள் அதை நீட்டி, உயரமாகப் போட்டார்கள். ஓலை கிழிந்துவிடும் என்று நம் ஆட்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியது போல, இதுவும் எழுதுகிற கையின் கஷ்டத்தால் வந்த வழக்கம். ஆங்கிலத்துக்குப் பங்காளியான ஜெர்மனில் 'நான்' சின்ன எழுத்தில்தான் வரும். மரியாதையாகச் சொல்லும் 'நீங்கள்' பெரிய எழுத்தில் தொடங்கும். இதையும் அவனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

இனி மகள். உங்கள் கடிதத்தையே திரும்ப ஒரு தடவை படித்துப் பாருங்கள். 'சொல்லிக் கொடுக்கிறேன்', 'சலித்துவிட்டேன்', 'விழித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குள் வந்த ஒன்றைத் தவிர கடிதம் முழுக்க 'நான்' கிடையாது. ஆனாலும் சலித்தது யார், விழித்தது யார் என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. வினையின் கடைசியில் இருக்கும் 'ஏன்' என்ற விகுதிக்குள் நீங்கள் முழுசாக இருக்கிறீர்கள்.

நடவுக்குப் போய் வந்த ஒரு பெண்மணியிடம் அன்றைய பொழுதைக் கேளுங்கள். "விடியறதுக்குள்ள எழுந்தேன், நாத்து பறிச்சேன், நட்டேன், வந்து உலை வெச்சேன்" என்று சொல்லி முடித்துவிடுவார். நாலு வினை, நாலு 'ஏன்'. ஒரு 'நான்' கூட இல்லை. அவர் தன்னை மறைத்துக்கொள்ளவும் இல்லை. இதையே "நான் நாத்து பறிச்சேன், நான் நட்டேன்" என்று சொன்னால், கேட்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். வேறு யாரோ நட்டதாகச் சொல்லிக் கூலியில் தகராறு வந்திருக்கிறது போல என்று நினைப்பார்கள். தமிழில் தேவையில்லாத இடத்தில் 'நான்' வந்தால் அதற்கு அழுத்தம் உண்டு. உங்கள் மகளுக்குத் தம்பட்டம் என்று தோன்றுவது அந்த அழுத்தம்தான். அவள் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

ஆனால் ஆங்கில வினைக்கு அந்த விகுதி இல்லை. 'ஐ கேம், யூ கேம், தே கேம்'. வந்தது யார் என்று 'கேம்' சொல்லாது. அதனால் முன்னால் ஓர் ஆளை நிறுத்தியே ஆக வேண்டும். ஸ்பானிஷ் மொழிக்காரர்களுக்கு நம்மைப் போல வினைமுடிவிலேயே ஆள் தெரிந்துவிடும்; 'யோ' என்ற தங்கள் 'நானை' பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. மகளிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்: ஆங்கிலத்து 'ஐ'க்கு நேரான தமிழ், பெரும்பாலான இடங்களில் 'நான்' இல்லை, 'ஏன்' விகுதிதான். நம் வினைக்குப் பின்னால் வருவது அங்கே முன்னால் வருகிறது, அவ்வளவுதான். "சென்சாரைப் பொருத்தினேன்" என்று வீட்டில் சொன்னால் அதில் தம்பட்டம் உண்டா? அந்த 'ஐ'யிலும் அவ்வளவுதான் உண்டு.

ஒடுங்கிக் கிடக்கிறதா என்று கேட்டீர்கள். இதில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பக்கத்துத் திருவாரூரில் சுந்தரர் பாடியது திருத்தொண்டத் தொகை. 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று தொடங்கி அடிக்கு அடி 'அடியேன், அடியேன்' என்று போகும். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். வினையில் வருகிற அதே 'ஏன்' இங்கே ஒரு பெயர்ச்சொல்லில் வந்து ஒட்டி, அதையே 'நான்' ஆக்கிவிடுகிறது. நாயேன், சிறியேன் எல்லாம் அப்படி வந்தவைதான். இத்தனை தடவை அடியேன் என்று பணிந்தவர், பாட்டை முடிக்கும்போது ஆரூரன் என்று தன் பெயரையும் வைத்துவிட்டுத்தான் போகிறார். அது தானாக மனம் விரும்பிக் குனிந்த குனிவு.

அதே சொல்லை இன்னொருவர் வாயில் திணித்தால் அது கொடுமை. கேரளத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதிக்காரர் முன்னால் 'ஞான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. நம் பக்கத்துப் பண்ணைகளில், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற மனிதருக்கு 'நான்' என்று நிமிர்ந்து சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உங்கள் மகளின் தயக்கத்தில் அந்தப் பழைய பயம் ஒரு துளி இருந்தாலும் அதைத் துடைத்துப் போடச் சொல்லுங்கள். கூட வேலை செய்த மூன்று பேரை மறக்கக் கூடாது என்ற எண்ணத்தில் வந்த தயக்கம் என்றால், அதை அவள் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பணிவு தமிழுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. மலாயில் 'சாயா' என்றால் நான். அது நாம் சகாயம் என்று சொல்கிறோமே, அந்த வடசொல்லின் வழியில் துணையாள், ஊழியன் என்ற பொருளில் போனது. வியட்நாமியர் வீட்டில் பிள்ளை அப்பாவிடம் பேசும்போது தன்னைக் 'குழந்தை' என்ற முறைச்சொல்லாலேயே சொல்லிக்கொள்ளும். ஜப்பானில் ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப வதாஷி, போகு, ஓரே என்று பல 'நான்'கள். போகு என்பதும் பழைய பொருளில் வேலைக்காரன்தான். அங்கெல்லாம் இன்ஜினியர்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 'வீ'. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள். தொல்காப்பியம் யான், யாம், நாம் என்று சொல்கிறது. அதில் இன்றைய 'நான்' கூட இல்லை, நன்னூலில்தான் சேர்கிறது. 'யாம்' போய் அந்த இடத்துக்கு 'நாங்கள்' வந்துவிட்டது. சொற்கள் மாறினாலும் அந்தக் கோடு அழியவில்லை. வினையில்தான் அழிந்தது. அம், ஆம் என்று வினை முடிந்தால் முன்னிலையாரும் சேர்த்தி. எம், ஏம், ஓம் என்று முடிந்தால் படர்க்கையார்தான் சேர்த்தி என்று நன்னூல் பிரிக்கிறது. இப்போது எல்லாவற்றுக்கும் 'ஓம்' ஒன்றுதான். அதனால் பாரம் முழுவதும் நாம், நாங்கள் என்ற இரண்டு சொல்லின் தலையில் இருக்கிறது.

தெலுங்கில் இது இருக்கிறது, மலையாளத்தில் இருக்கிறது. கன்னடத்தில் போய்விட்டது, 'நாவு' ஒன்றுதான். தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர்களின் மொழியில் 'ஆம்ஹி', 'ஆபண்' என்று இரண்டு உண்டு. இந்திக்கு 'ஹம்' ஒன்றே. நாகூரில் ஒரு பெரியவர், பினாங்கில் முப்பது வருஷம் கடை வைத்திருந்தவர், என்னிடம் சொன்னார்: "மலாய்ல எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது 'கித்தா'வும் 'காமி'யும்தான் தம்பி. நம்ம நாம, நாங்க மாதிரியே. கூட இருந்த வெள்ளைக்காரத் துரைக்குக் கடைசி வரைக்கும் அது வரவே இல்லை." ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'நாம் இருவர்' என்பதற்குத் தனிச்சொல்லே இருந்தது. அதுவும் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் வழக்கொழிந்து, இப்போது எல்லாம் ஒரே 'வீ'.

அந்தக் கோட்டின் அருமையை நான் கண்ணெதிரே பார்த்தது ஒரு விவசாயிகள் கூட்டத்தில். மேட்டூர் திறந்து பல நாள் ஆகியும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத வருஷம். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்து, "எங்களுக்குத் தண்ணி வரலைங்க" என்றார். மேடையில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். "நாம எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று ஆரம்பித்தார். இவர் உட்காரவில்லை. சத்தமும் போடவில்லை. "நாம இல்லீங்க ஐயா, நாங்க" என்றார். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. நாற்றங்கால் காய்வது யாருக்கு என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் அவர்கள் மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் வரியிலேயே 'வீ' என்று போட்டுவிட்டு, பேனாவை வைத்துவிட்டேன். அதில் மேடைக்காரரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கடைசியில் 'கடைமடை விவசாயிகளாகிய' என்று இடத்துக்கு இடம் விரித்து எழுத வேண்டி வந்தது.

நல்ல காரியத்திலும் அந்தச் சொல்தான் கதவைத் திறக்கிறது. சம்பந்தம் பேச உட்காரும்போது இரண்டு பக்கமும் 'நாங்க', 'எங்க பொண்ணு', 'எங்க பக்கத்துல' என்றுதான் பேசுவார்கள். காபி ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா, "அப்ப நாம ஒரு நல்ல நாள் பாத்துடலாமே" என்பார். அந்த 'நாம' வந்ததும் பெண்ணின் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். தாம்பூலம் மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் மகள் மனதில் இருந்தது 'நாங்க'. அந்த நாலு பேரும் அதற்குள் தெளிவாக நின்றார்கள். 'வீ' என்று வந்ததும் நாலு பேர் ஒரு கூட்டமாகிவிட்டார்கள். கேட்டவருக்கு ஆள் தெரியவில்லை. அவர் மூன்று முறை கேட்டதில் தப்பில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் வெட்டச் சொன்ன கல்வெட்டு இருக்கிறது. 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி', அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில், என்று பேசுகிறான். அது அரசனுக்குரிய நாம். அதே மூச்சில், 'நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்கிறான். கோயில் எல்லாருக்கும் பொதுதான். கொடுத்தது யார் என்பது மட்டும் தனித்தனி. அக்கா குந்தவை கொடுத்ததை அவன் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை, தான் கொடுத்ததை அடக்கிப் பேசவும் இல்லை. மகள் பேச வேண்டிய முறை இதுதான். மதகில் கருவியைப் பொருத்தியவள் அவள் என்றால் அதற்கு ஓர் 'ஐ'. நிரல் எழுதியது தோழி என்றால் தோழியின் பெயர். எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் கரையில் நின்று சோதித்துப் பார்த்ததற்கு 'வீ'.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு, அந்தப் புராஜெக்டைத் தமிழிலேயே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழில், இழுத்து விட்டு. நீங்கள் ஒரு தாளில் 'ஏன்' வருகிற வினைகளை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். அளந்தேன், ஒட்டினேன், மறுபடி கழட்டினேன், மழையில நனைஞ்சுட்டு திரும்பப் போய்ப் பாத்தேன். தாளை அவளிடம் கொடுங்கள். அவ்வளவு 'ஐ' அவளுக்கு உரியது.

வகுப்பில் கரும்பலகையில் 'வீ' என்று எழுதி, பக்கத்தில் நாம், நாங்கள் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பிள்ளைகள் இன்னொன்றை மறந்துவிடுவார்கள். டிவியிலும் விளம்பரத்திலும் ஏற்கெனவே இரண்டும் கலந்து வருகிறது. எழுதுவதற்கு அந்தக் கேள்வி கேட்ட பையனையே கூப்பிடுங்கள்.

மகளுக்கு என் அன்பு. அடுத்த இன்டர்வியூ எப்போது என்று எழுதுங்கள்.