இத்தாலியில் மலைநடையும் பழங்கிராமமும் ஒரே நாளில் பார்க்க எங்கே போகலாம்?

அப்ருட்சோ மாநிலத்துக்குப் போங்கள். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் டஸ்கனி மாநிலத்தின் கூட்டம் அங்கே இருக்காது. சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ என்ற கல்வீட்டுக் கிராமத்திலிருந்து, சுமார் 1,460 மீட்டர் உயரத்தில் நிற்கும் ரோக்கா கலாஷியோ கோட்டைக்கு நடக்கலாம்; ஓரிரு மணி நேரம் ஆகும். வழியில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். பனிக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

கிராமம் செழித்ததற்குக் காரணம் செம்மறி ஆடுகள். கம்பளி வணிகத்தில் கண் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தின் (ஃபுளோரன்ஸ் நகரை ஆண்டவர்கள்) கைக்கு 1579இல் ஊர் போனது. நுழைவாயில் வளைவில் அவர்களின் சின்னம் இன்றும் இருக்கிறது. 2009 நிலநடுக்கத்தில் இடிந்த ஊர்க் கோபுரத்தை மீண்டும் கட்டிவிட்டார்கள்.

மிளகைவிடச் சிறிதாக, கரும்பழுப்பில் ஒரு பருப்பு அங்கே விளைகிறது. ஊறவைக்காமலே வெந்துவிடும். அந்தப் பருப்புச் சூப்பைக் குடிக்காமல் மலையிறங்காதீர்கள்.