வீட்டை ஈடு வைத்து மகளை இங்கிலாந்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: நான் திருகோணமலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் சட்டத்தரணியாகி 14 மாதம். இங்கே ஒரு சீனியரிடம் வேலை செய்கிறாள். சர்வதேச பொருளாதாரச் சட்டத்தில் முதுமாணி படிக்க இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் மட்டும் 22,000 பவுண். உப்புவெளி வீட்டை வங்கியில் ஈடு வைக்கலாமா? நிலாவெளியில் ஒரு துண்டுக் காணியும் உண்டு.

பதில்: ஐயா, பிள்ளை கட்டாயம் படிக்கட்டும். ஆனால் வீட்டு உறுதியை வங்கியில் கொடுக்காதீர்கள், இந்த வருடம் அனுப்பவும் அவசரப்படாதீர்கள்.

அவள் தேர்ந்தெடுத்த துறை நம் மண்ணுக்குத் தூரமானதல்ல. இரு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட முதலீட்டு உடன்படிக்கையை வைத்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்று ஓர் அரசுக்கு எதிராக முதன்முதலில் வழக்காடி வென்றது மட்டக்களப்பு இறால் பண்ணை ஒன்றுக்காகத்தான். 1987இல் படை நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. 1990இல் இலங்கை 460,000 டொலர் கட்ட வேண்டியதாயிற்று. இன்று உங்கள் ஊர் எண்ணெய்க் குதங்களையே பாருங்கள். 99 தாங்கிகளில் 61ஐ இந்தியக் கம்பனியோடு கூட்டாக நடத்த 2022இல் ஒப்பந்தமானது. அப்படியான ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்கத் தெரிந்த ஒரு திருகோணமலைப் பிள்ளை நமக்கு வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். கட்டணம் பவுணில், உங்கள் ஓய்வூதியம் ரூபாவில். பவுண் 400 ரூபா என்று வைத்தால் 88 லட்சம். அதுவே 440 ஆனால் 96 லட்சத்து 80 ஆயிரம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். இதற்கு மேல் சாப்பாடு, வாடகை, விசாவுக்காக 28 நாள் தொடர்ந்து கணக்கில் காட்ட வேண்டிய பணம். படித்து வந்ததும் இங்கே நீதிமன்ற வருமானத்தில் தவணை கட்டலாம் என்று நினைத்தால், ஜூனியருக்கு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மகளிடமே கேளுங்கள்.

என் யோசனை, பிரித்தானிய அரசு தரும் செவனிங் புலமைப்பரிசில். ஒரு வருட முதுமாணிக்குக் கட்டணம், மாதச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் தருவார்கள். படித்து முடித்தபின் திரும்பி வந்து இரண்டு வருடம் நம் நாட்டில் இருக்க வேண்டும். அது நமக்கும் நல்லதுதான். விண்ணப்பிக்க 2,800 மணி நேர வேலை அனுபவம் தேவை. வாரம் 40 மணி என்றாலும் மகளுக்கு இப்போது 2,400 அளவில்தான் வரும். இன்னும் சில மாதம் சீனியரிடமே இருக்கட்டும், செய்த வேலைக்கும் நாட்களுக்கும் கணக்கு எழுதி வைக்கட்டும்.

அது கிடைக்காவிட்டால் லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி சட்ட முதுமாணி இருக்கிறது. பாடம் பாடமாகக் காசு கட்டி, ஐந்து வருடம் வரை எடுத்து, திருகோணமலையில் வேலை செய்துகொண்டே முடிக்கலாம். அதிலும் பணம் குறைந்தால் மட்டும் நிலாவெளிக் காணியைப் பற்றி யோசியுங்கள். அதற்கும் முன் காணியின் உறுதியைச் சரிபார்த்து, அவசரமில்லாமல் விலை கேளுங்கள். அவசரத்தில் விற்றால் வாங்குபவர் விலையை அடித்துக் குறைப்பார்.

கிடைத்த இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியுமா என்று மகள் இந்தக் கிழமையே பல்கலைக்கழகத்துக்கு எழுதட்டும். முற்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.